‘வாறேன்’ என்றால் வருவேன் என்று யார் சொன்னது?

1. போன்

"நீங்கதானுங்க வர்றேன்னு சொன்னீங்க. இப்ப ஆஸ்பத்திரில நிக்கறேன்னா எப்படிங்க?"

எங்கள் சர்வீஸ் மேனேஜர் போனில் இப்படிக் கேட்டபோது என் மகள் ஆபரேஷன் தியேட்டருக்குள் இருந்தாள். நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரி வராந்தா. என் சட்டைப்பையில் அவளுடைய இரண்டு ரப்பர் வளையல்களும் ஒரு வண்ணத்துப்பூச்சி கிளிப்பும். கோயம்புத்தூரிலிருந்து வந்த அந்தக் குரலில் மரியாதைக்குக் குறைவே இல்லை. சொல்லுக்குச் சொல் ஒரு ‘ங்க’. பாகில் முக்கியெடுத்த செருப்பு என்று அதற்கு நான் பேர் வைத்திருக்கிறேன். இனிக்கும், ஆனால் அடி அடிதான்.

சர்வீஸ் லைனுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். கம்ப்ரஸரைப் பற்றி மேனுவலில் படித்துக்கொள்ளலாம். இது மேனுவலில் இல்லை.

2. வேலை

ஐஸ் பிளான்ட் கம்ப்ரஸர்களுக்கு நான் சர்வீஸ் இன்ஜினியர். மீன்பிடித் துறைமுகம் இருக்கிற இடத்தில் ஐஸ் பிளான்ட் இருக்கும். ஐஸ் பிளான்ட் இருக்கிற இடத்தில் அமோனியா இருக்கும். அமோனியா கசிகிற இடத்தில் நான் இருப்பேன். மால்பே, கொச்சி, காக்கிநாடா, வெராவல். எல்லா ஊரிலும் கடல் உண்டு. நான் பார்த்தது அமோனியா கசியாமல் அடைக்கிற ஷாஃப்ட் சீலையும் ஆயில் பிரஷர் கேஜையும்தான். கொட்டாரத்தில் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளை மிதித்தால் கன்னியாகுமரிக் கடல். என் மகளுக்கு அந்தக் கடலைக் காட்டியது அவளுடைய மாமன்.

பிரேக்டவுனுக்கு நேரம் காலம் கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். போட் கரைக்கு வரும்போது ஐஸ் இல்லையென்றால் ஒரு கடற்கரையே நாறிப்போகும். அது நியாயமான அவசரம். அதன்மேல் எனக்குக் கோபமில்லை. ஆயில் மாற்றுவதற்கும், கஸ்டமரோடு உட்கார்ந்து டீ குடித்து அடுத்த மிஷினுக்கு அடிபோடுவதற்கும் "ஒரு நாள்தானுங்களே, போய்ட்டு வந்துருங்க" என்று அனுப்பினார்களே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது? ஒரு நாள்தானே என்கிறவர்கள் ரயிலில் போகிற நாளையும் வருகிற நாளையும் நாளாகவே மதிப்பதில்லை. தேசத்தின் நுனியில் வீடு கட்டியவன் எங்கே புறப்பட்டாலும் மலையேறுகிற மாதிரி தேசத்தை ஏற வேண்டியிருக்கிறது. இது கோயம்புத்தூரில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவர் ஆசைப்பட்டதும் இல்லை.

3. சொல்

எங்கள் பக்கம் வீட்டைவிட்டு இறங்கும்போது ‘போறேன்’ என்று சொல்லக்கூடாது. ‘வாறேன்’ என்றுதான் சொல்ல வேண்டும். போகிறவன் திரும்பி வரவேண்டும் என்கிற ஆசையை வினைச்சொல்லுக்குள்ளேயே முடிந்து வைத்திருக்கிறார்கள். நல்ல சொல். அதைச் சொல்லித்தான் ஒவ்வொரு டூருக்கும் நான் பையைத் தூக்கினேன்.

மகள் அபிக்கு அப்போது மூன்று வயது இருக்கும். காக்கிநாடாவில் வேலை முடிந்து ரயிலேறிய சந்தோஷத்தில் வீட்டுக்குப் போன் பண்ணினேன். மனைவி செல்வி ஸ்பீக்கரில் போட்டாள்.

"மக்கா, அப்பா வாறேன்!"

அந்தப் பக்கம் வீறிட்டு ஒரு அழுகை.

"வாண்டாம்! அப்பா வாறேன் சொல்லாண்டாம்!"

செல்விக்கு முதலில் சிரிப்பு. "ஏட்டி, அப்பா வருகாருட்டி. வீட்டுக்கு வருகாரு" என்று சொல்லிப் பார்த்தாள். அழுகை நிற்கவில்லை. செல்வியின் சிரிப்புதான் நின்றது. ஸ்பீக்கரை அணைத்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க வாறேன்னு சொல்லி அவ என்னைக்காவது உங்க மூஞ்சியப் பாத்திருக்காளா? முதுகத்தானே பாத்திருக்கா."

ரயில் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம் வந்தது. தலைமுறை தலைமுறையாக வாய்வழியாக வந்த ஒரு சொல்லை, நான் வேலை பார்க்கிற கம்பெனி என் பிள்ளையின் காதில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிட்டது. சம்பளத்துக்கு என் நேரத்தைக் கொடுத்தேன், சரி. சொல்லையும் சேர்த்தா கொடுத்தேன்?

4. லீவு

ஆறு வயதில் அபிக்கு டான்சில். காய்ச்சல் வந்து வந்து போனது. பள்ளிக்கூடத்தில் பாதி நாள் இல்லை. எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். நாள் குறித்தோம், மால்பேயில் ஒரு பிரேக்டவுன் வந்தது. மறுபடி குறித்தோம், கொச்சியில் ‘கஸ்டமர் மீட்’ வந்தது. அபி இனி யாரையும் நம்புவதில்லை என்று முடிவு செய்து, நேராக டாக்டரிடமே நிபந்தனை போட்டாள்.

"அப்பா பக்கத்துல நின்னாத்தான் வாயத் திறப்பேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். "கேட்டியளா? பிள்ளைக்க வாயத் திறக்க நான் கடப்பாரையா கொண்டுவர முடியும்? வந்து நில்லும் சார்."

மூன்றாவது முறை நாள் குறித்தவுடன் லீவு கேட்டு, அனுமதியும் வாங்கிவிட்டேன். ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலையில் மேனேஜர் கூப்பிட்டார்.

"நாகப்பட்டினத்துல ஷாஃப்ட் சீல் போயிருச்சுங்க. நாளைக்கு நீங்க அங்க இருக்கோணும்."

"சார், நாளைக்குப் பிள்ளைக்கு ஆபரேஷன். நீங்கதானே லீவு தந்தீங்க."

"டான்சில்தானுங்களே? வீட்ல அவங்க பாத்துக்க மாட்டாங்களா?"

"முடியாது சார். மதுரையில நம்ம ஆளு இருக்காரு, அவர விடுங்க."

"அவருக்கு அந்த மாடல் பழக்கமில்லீங்க. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க."

"யோசிக்க ஒண்ணும் இல்ல சார். நாளைக்கு முடியாது. செரி சார், வாறேன்."

வைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் போனை வைக்கும்போதும் அந்தச் சொல்தான். ‘வைக்கேன்’ என்று சொன்னால் ஆள் முகத்தில் கதவைச் சாத்துகிற மாதிரி இருக்கும். வாய்ப்பழக்கம். இரண்டு தடவை முடியாது என்று சொல்லியிருக்கிறேன். அந்த இரண்டையும் ஒதுக்கிவிட்டு, மரியாதைக்கு ஒட்டவைத்த கடைசிச் சொல்லை மட்டும் பொறுக்கியெடுத்து நாகப்பட்டினத்துக்கு அனுப்பிவிட்டார் மனுஷர்.

5. கதவு

தியேட்டர் வாசல்வரை ஸ்ட்ரெச்சரோடு நடந்தேன். அபி வாயை இறுக்க மூடிக்கொண்டு, என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். "அப்பா இதுக்கு மேல வரப்பிடாது, கேட்டியளா" என்றாள் நர்ஸ். அபி என்னைப் பார்த்தாள். நர்ஸைப் பார்த்தாள். விரலை விட்டாள்.

"அப்பா, வாறேன்."

கதவு சாத்திக்கொண்டது.

இத்தனை வருஷமும் அந்தச் சொல்லுக்குப் போகிற பக்கத்திலேயே இருந்தவன் நான். நிற்கிற பக்கம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அங்கே காற்று இல்லை. சாத்திய கதவும், கையில் ஒரு விரலும்தான் மிச்சம்.

அப்போதுதான் போன் அடித்தது. முதலில் நாகப்பட்டினத்து ஐஸ் பிளான்ட் முதலாளி.

"சார், பஸ் எறங்கிட்டீங்களா? நீங்க வர்றதா ஆபீஸ்ல சொன்னாங்களே."

விஷயத்தைச் சொன்னேன்.

"புள்ளைக்கு ஆபரேஷனா? அட என்னா சார், இதக்கூட சொல்ல மாட்டாங்களா? போன வைங்க. நீங்க புள்ளையப் பாருங்க."

ஐஸ் இல்லாமல் மீன் நாறிக்கொண்டிருந்தவனுக்கு ஒரு நொடியில் புரிந்தது. அடுத்து வந்த போன்தான் மேனேஜருடையது. முதலில் எழுதினேனே, அந்தக் கேள்வி.

"முடியாதுன்னுல்லா சொன்னேன் சார்?"

"கடைசியில வர்றேன்னு சொன்னீங்கல்ல?"

"சாயங்காலம் ஆபீஸ விட்டு இறங்கும்போது நீங்க என்ன சார் சொல்லுவீங்க?"

"வர்றேன்னு சொல்லுவேனுங்க."

"சொல்லிட்டு திரும்ப ஆபீஸுக்கா போறீங்க? வீட்டுக்குத்தானே போறீங்க?"

போனை வைத்துவிட்டார். வர்றேன் என்று சொல்லவில்லை.

மதுரைக்காரர் போய், பழக்கமில்லாத அந்த மாடலில் சாயங்காலத்துக்குள் சீலை மாற்றினார். ஐஸ் பிடித்தது. ஆனாலும் எனக்கு மெமோ வந்தது: வருவதாக உறுதியளித்துவிட்டு வராமல் இருந்தமைக்கு. அந்த ‘உறுதி’யை இன்றைக்கு நினைத்தாலும் பல்லை நறநறவென்று கடிக்கத் தோன்றுகிறது.

அபி கண்விழித்தபோது தொண்டையில் குரலே இல்லை. உதட்டை வைத்துத்தான் படிக்க முடிந்தது.

"நீ போவலியா?"

அம்மாவைத் தேடவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கு உலகத்திலேயே பெரிய ஆச்சரியம், அப்பன் அங்கே நிற்பது. அந்த ஆச்சரியத்தை அவளுக்குக் கற்றுக்கொடுத்த ஆபீஸுக்கு மெமோ அனுப்ப எந்தத் தபால்பெட்டியும் கிடையாது.

6. பாடம்

பிள்ளைகளே, ஆபீஸில் முடியாது என்று சொல்ல நேர்ந்தால் அதையே கடைசிச் சொல்லாக வையுங்கள். அதற்குப் பின்னால் மரியாதைக்கு ஒரு சொல்லை ஒட்டாதீர்கள்; அந்தச் சொல்லின் பேரில்தான் டிக்கெட் போடுவார்கள். நான் இப்போதெல்லாம் "முடியாது சார், வைக்கேன்" என்கிறேன். குமரிக்காரனுக்கு மரியாதை கெட்டுப்போச்சு என்று பேசிக்கொள்கிறார்களாம். பேசட்டும்.

டூர் நிற்கவில்லை. குறைத்திருக்கிறேன், சண்டை போட்டு. போன வாரம் வெராவலில் வேலை முடித்து ரயிலேறியதும் வீட்டுக்குப் போன் பண்ணினேன். அபிதான் எடுத்தாள்.

"மக்கா, அப்பா வாறேன்."

"மூஞ்சியா, முதுகா?"

"மூஞ்சிதான் மக்கா."

"செரி, அப்போ வா."