ரஹ்மத்தின் அடையாள அட்டை

அமெரிக்காவில், பிஸ்கட்டவேயில் ஒரு மருந்து கம்பெனி. அங்கே ஊழியர்களின் அடையாள அட்டை அச்சாகும் மென்பொருள் கீழக்கரை ரஹ்மத்தின் பொறுப்பு. பதினோரு வருடமாக வாய் திறந்து சண்டை போட்டவளில்லை.

ஜெர்மனியிலிருந்து மாற்றலாகி வந்த வைஸ், தன் அட்டையை வாங்க மறுத்துவிட்டார். அட்டையில் பெயர்கள் பெரிய எழுத்தில்தான் விழும். அவர் பெயரின் கடைசியில் வரும் ß என்ற ஜெர்மன் எழுத்துக்குப் பெரிய வடிவம் இல்லையென்று இரண்டு எஸ் போடுவதுதான் பழைய வழக்கம். "அது வேறு குடும்பத்தின் பெயர்" என்றார் வைஸ். பெரிய ẞ-ஐ ஜெர்மனியே ஏற்றுக்கொண்டுவிட்டதே என்றும் வாதாடினார். அந்த ஊர்க்காரர்களிலேயே பாதிப் பேருக்கு அது பிடிக்காது என்றார் ஆபீஸில் இன்னொருவர். ஒற்றை எழுத்துக்குக் கூட்டத்துக்கு மேல் கூட்டம்! கடைசியில் வைஸ் ஜெயித்தார். ரஹ்மத் ராப்பகலாக உட்கார்ந்து அதைச் செய்து முடித்தாள்.

மாதிரி அட்டையைப் பார்த்த வைஸுக்குக் கண் கலங்கிவிட்டது. "தேங்க்யூ சோ மச், ஃப்னூ!" என்றார்.

ரஹ்மத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் பாஸ்போர்ட்டில் இருப்பது ஒரே பெயர். குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் அவர்கள் வீட்டில் இல்லை. விசாவில் அந்தப் பெயரைக் குடும்பப் பெயராக்கி, முதல் பெயர் தெரியவில்லை என்பதற்கு FNU என்று மூன்று எழுத்தைப் போட்டுவிட்டார்கள். அட்டையிலும் அதுவே வந்தது. ஆபீஸே அதைப் படித்து அவளை ஃப்னூ என்று கூப்பிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைத் தெரியாது என்று எழுதி, அதையே பெயராக்கிய அநியாயம் எங்காவது உண்டா?

நேராக மேனேஜர் பத்ரியிடம் போனாள்.

"பத்ரி, இந்த ரிலீஸை நான் அப்ரூவ் பண்ண மாட்டேன். என் பேரும் சரியானாத்தான் போகும்."

"அது விசா டாக்குமெண்ட்ல இருக்கறதுங்க. முதல்ல கேட்டப்பவே சொன்னேனே, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கன்னு."

"அவருக்கு ஒரு எழுத்து. அதுக்கு ரூலையே மாத்தினீங்க. எனக்குப் பேரே இல்லைன்னு கழுத்துல மாட்டி விட்டிருக்கீங்க. நான் மட்டும் அட்ஜஸ்ட் பண்ணணுமா?"

அட்டையைக் கழற்றி அவர் மேஜையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை அட்டையில்லாமல் கதவு திறக்கவில்லை. வரவேற்பில் இருந்த பெண் பெயர் கேட்டாள். ரஹ்மத் உரக்கச் சொன்னாள். அந்தப் பெண் அதைப் பார்வையாளர் சீட்டில் எழுதி நீட்டினாள். அந்தக் கட்டிடத்தில் ரஹ்மத்தின் பெயரைக் கேட்டு எழுதிய முதல் ஆள் அவள்தான்.