முழங்காலுக்குள் வைப்பது என்ன இரும்பு?

தோடு போட்டால் என் காது புண்ணாகிவிடும். கல்யாணத்துக்குப் போட்ட கவரிங் தோட்டிலேயே சீழ் வைத்தது. கைக்கடிகாரம் பட்ட இடமெல்லாம் கொப்புளம். அதனால் மடுல்சீமை மலையில் தேயிலைக் கொழுந்து பறித்த காலமெல்லாம் வெறுங்காதோடுதான் திரிந்தேன். காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்களத்தில் அதைக் கேலி செய்யாதவர்கள் குறைவு.

வேலையை விட்டு நிற்கும் வயதில் வலது முழங்கால் முழுக்கத் தேய்ந்துவிட்டது. தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துப் படியை உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்கினேன். மலையிறங்கிப் போய்க் காட்டிய பெரிய ஆஸ்பத்திரியில், செயற்கை மூட்டு வைக்க வேண்டும் என்று வார்டில் சேர்த்தார்கள். ஆபரேஷனுக்கு முதல் நாள் கையெழுத்து வாங்க நர்ஸ் வந்தார்.

"உள்ள வைக்கிறது என்ன இரும்புங்க?" என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் வைக்கிறதுதான். கையெழுத்தப் போடுங்க."

"எனக்குத் தோடே ஒத்துக்காதுங்க. காதுன்னா கழட்டி வீசிரலாம். காலுக்குள்ள இருக்கிறத எப்படிக் கழட்டுறது?"

"இப்பிடியே பேசிக்கிட்டிருந்தா உங்க எடத்துக்கு வேற ஆள் வந்துரும்."

"வரட்டுங்க."

கூட வந்திருந்த மகன் என் கையைப் பிடித்து அழுத்தினான். "ஏம்மா வம்பு? அவங்களுக்குத் தெரியாதா?"

அவனுக்குப் பயம். எனக்கும் பயம்தான். ஆனால் அது என் கால். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

சத்தம் கேட்டு டாக்டர் வந்தார். யாழ்ப்பாணத்துப் பெண், என் மகளைவிடச் சின்னவர். காதுத் தழும்பைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "பொறுங்கோ அம்மா, சோதிச்சுப் பாப்பம்" என்றார்.

முதுகில் சின்னச் சின்ன மருந்து ஒட்டுகளை ஒட்டிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து எடுத்தபோது ஓர் இடம் மட்டும் சிவந்து பொங்கியிருந்தது. அது நிக்கல் என்ற உலோகம் வைத்த இடம் என்றார் டாக்டர்.

"வழமையான மூட்டிலயும் நிக்கல் கொஞ்சம் இருக்கு. மேல பூச்சுப் போட்ட மூட்டு வேற இருக்கு, தங்க நிறம். அந்தப் பூச்சு நிக்கலை உடம்புக்குள்ள கசிய விடாமத் தடுக்கும். முழு உறுதி சொல்ல ஏலாது. ஆனா உங்களுக்கு அதுதான் நல்லது. கொழும்பில இருந்து எடுப்பிக்கவேணும், சுணங்கும், சில மாசம் ஆகும்."

"சுணங்கட்டுங்க. காத்திருக்கேன்."

வலியோடு வீடு திரும்பினேன். 'தங்கத்துல கால் கேட்டுட்டு வந்திருக்கா' என்று லயமே சிரித்தது. ஊற்றுத் தண்ணீர் விழும் பீலிக்குக் குடத்தோடு போய் வருவதற்குள் கண்ணில் நீர் முட்டும். வைப்பதை வைக்கட்டும் என்று போய்விடலாமா என்றுகூடப் பல தடவை நினைத்தேன். போகவில்லை.

மாதங்கள் கழித்து அழைப்பு வந்தது; பூச்சுப் போட்ட மூட்டே வைத்தார்கள். இப்போது கால் மடங்குகிறது. மழைக்குளிரில் இழுத்துப் பிடிக்கும். வீக்கமில்லை, அரிப்பில்லை. பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள், "எங்க, தங்கத்தக் காட்டு" என்றாள்.

"காட்ட முடியாத எடத்துல போட்டிருக்கேன். நீ வயித்தெரிச்சல் பட்டுக்கிட்டே இரு" என்றேன்.

அண்மையில் கிளினிக்கில், நான் உட்கார்ந்த வாங்குப் பலகையில் லுணுகலைப் பக்கத்துப் பெண்ணொருத்தி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் மூட்டு வைக்கப்போகிறார்களாம். தோடு, வளையல் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டேன். ஒத்துக்கொள்ளாது என்றாள்.

"அப்ப உள்ள போனதும் அதச் சொல்லு. என்ன வைக்கப் போறீங்கன்னு கேளு."

"ஏசுவாங்களே, அக்கா."

"ஏசுவாங்க. கேளு."

கதவருகே நின்ற நர்ஸ் என்னை முறைத்துப் பார்த்தார். நான் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.