மகளுக்காக எடுத்த மாடியறை

ஜனவரி 8: மாடியறைக்கும் குளியலறைக்கும் மேஸ்திரி கேட்டது 2,40,000.
ஜனவரி 11: பேசி முடித்தது 2,05,000.
ஜூலை 2: தரையை உடைத்து, சுவரைச் செதுக்கி, மறுபடி பூசியது 1,12,000.

கிடங்கில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற பெரியவருக்கு, மனைவி போனபின் வீடு வெறிச்சென்று கிடந்தது. வெளியூரில் பேத்தியோடு தனியாக இருந்த மகள், "மாடியில ஒரு அறை எடுத்தீங்கன்னா வந்துடறேன்ப்பா" என்றதும் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆனாலும் கை இறுகியது. குளியலறைத் தரைக்கு அடியில் நீர்க்கசிவைத் தடுக்கப் போடும் பூச்சை வேண்டாம் என்றுவிட்டார். மிச்சப் பணத்தில் பேத்திக்குப் படிக்கும் மேசை வாங்கலாம் என்பது அவர் எண்ணம்.

"டைல்ஸுக்கு அடியில எவன் எட்டிப் பாக்கப் போறான், மேஸ்திரி?"

"தண்ணி பாக்குங்கய்யா."

"பாத்துட்டுப் போகட்டும், நீ ரேட்டைக் கொறைச்சுப் போடு."

மகள் வந்தாள். பேத்தி தடதடவென்று படியிறங்கும் சத்தத்துக்காகவே பெரியவர் சீக்கிரம் எழுந்தார். ஒரு மாதத்துக்குள் கட்டிலோரச் சுவர் ஊறி உப்பிப் பூஞ்சை பிடித்தது. பேத்திக்கு ஓயாத இளைப்பு.

"சுவர் காயட்டும்ப்பா, வரேன்" என்று மகள் பெட்டியைக் கட்டினாள்.

எல்லாவற்றையும் உடைத்துச் சரிசெய்தார். தினமும் மாடியேறிச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். பிறகு கட்டில் விரிப்பை நீவிவிட்டு இறங்குவார். எப்போது வருகிறாய் என்று போனில் கேட்கக் கூச்சம். "சுவர் நன்றாகக் காய்ந்துவிட்டது" என்று மட்டும் இரண்டு முறை கடிதம் எழுதினார்.

பேத்தியை அங்கேயே பள்ளியில் சேர்த்துவிட்டதாகவும், மாடியை வாடகைக்கு விடும்படியும் மகள் எழுதிய கடைசிக் கடிதம் வந்தது செப்டம்பர் 19.