தெற்கே திரும்பிய காந்தப்புலம்

பிரதீபாவும் அண்ணன் மயூரதனும் தெல்லிப்பழையில் ஒரு அகதி முகாமில் பிறந்தவர்கள். போரில் பிடித்து வைத்திருந்த வடக்குக் கரையை இராணுவம் திருப்பிக் கொடுத்தபோதுதான் சொந்தக் கடலையே கண்டார்கள். கரையோர முருகைக்கல் பாறைக்கு நடுவே படகு நுழைய ஒடுக்கமான ஒரு வழி உண்டு. கோயில் கோபுரத்தையும் பனைகளையும் அடையாளம் வைத்து அந்த வழியைக் கண்டு படகு விட்ட பழைய ஆட்கள் இடம்பெயர்ந்த ஊர்களிலேயே செத்துப்போனார்கள். கோபுரமும் பனைகளும் இப்போது இல்லை. திரும்பி வந்த பிள்ளைகளுக்கு ஜீபிஎஸ் கருவிதான் கண்.

பௌதிகம் படித்த பிரதீபா மருதனார்மடத்தில் டியூட்டரி ஒன்றில் படிப்பிக்கிறாள். சூரியனிலிருந்து துகள்களாய் வீசும் சூரியக் காற்றின் வேகத்தையும் அதோடு வரும் காந்தப்புலத்தின் திசையையும், சூரியன் பக்கமாகப் பூமிக்கு முன்னால் வெகுதூரத்தில் நிற்கும் விண்கலம் அளந்து அனுப்பும். அதைத் தினமும் கைபேசியில் பார்ப்பாள். புலம் தெற்கே திரும்பினால் ஒரு மணி நேரத்துக்குள் காந்தப்புயல் வரலாம். கருவி காட்டும் இடம் பிசகலாம்.

ஒருமுறை வேகம் கூடியதை மட்டும் நம்பிப் படகுகளை மறித்தாள். புலம் வடக்கே நின்றது, ஒன்றும் நடக்கவில்லை.

"ரீச்சர், சூரியனிலை காத்தடிச்சா எங்கடை கறிச்சட்டியெல்லோ காயுது!" என்றான் அண்ணனோடு தொழிலுக்குப் போகும் முருகேசு. கரையே சிரித்தது.

அடுத்த முறை வேகம் இன்னும் கூடியிருந்தது. மத்தியானம் மயூரதன் கேட்டான்:

"என்ன பிள்ளை, போகலாமோ?"

புலம் வடக்கே இருந்தது. கரையின் அன்றைய சிரிப்பு இன்னும் காதில் கேட்டது.

"ஓம் அண்ணை, போங்கோ."

பொழுது சாய்கையில் புலம் தெற்கே திரும்பியது. திரும்பியது அப்படியே நின்றது. அழைத்து அழைத்துப் பார்த்தாள். படகு தொடர்பு எல்லைக்கு வெளியே நின்றது. கரைக்கு ஓடினாள். எந்த இடத்தில் வெளிச்சம் காட்டினால் அவர்களுக்கு வழி தெரியும் என்று அங்கே நின்ற ஒருவருக்கும் தெரியவில்லை.

இருட்டில் இயந்திரச் சத்தம் நெருங்கி வந்தது. பிறகு பாறையில் மோதும் சத்தம்.

முருகேசு நீந்தி வந்தான். "கருவி நடு வழியைத்தான் காட்டினது," என்றதையே திருப்பித் திருப்பிச் சொன்னான். மயூரதனை விடிந்த பிறகுதான் எடுத்தார்கள்.

செத்தவீட்டில் அண்ணி தயாளினி ஒன்றுதான் கேட்டாள்:

"உனக்குத் தெரியுமெல்லோ. ஏன் போகச் சொன்னனி?"

அதன்பிறகு கரையில் யாரும் சிரிக்கவில்லை. தொழிலுக்கு இறங்குமுன் அவளிடம் கேட்டார்கள். புலம் வடக்கோ தெற்கோ, காற்று மெதுவோ வேகமோ, பிரதீபா எல்லா நாளும் "போகாதேங்கோ" என்றாள். சில கிழமை பொறுத்தார்கள். பிறகு கேட்பதை விட்டுவிட்டுக் கடலுக்குப் போனார்கள்.