மூன்றாவது அழைப்பு

மதியம் ஒன்று நாற்பது. வெளியே கும்மிருட்டு.

டிசம்பரில் எங்கள் ஊரில் சூரியன் எழுவதில்லை. அதனால் இருட்டைப் பார்த்து மிரண்டேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். தூக்கக் கலக்கம் இல்லை. குடிக்கவில்லை. இது நடந்தது. ஒன்பது வருடமாக யாரிடமும் சொல்லாததை இன்று எழுதக் காரணம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அப்போது நான் நார்வேயின் வடகோடியில் ஒரு சிறிய விமானப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே எதுவும் தெரியாதபோது, கருவியை மட்டும் நம்பி இறங்கப் பழகும் கட்டம். சிமுலேட்டரில்தான் பயிற்சி. ரன்வேயிலிருந்து ரேடியோ அலை வரும். அதைக் காட்ட இரண்டு முட்கள். ஒன்று இடம் வலம், மற்றது மேல் கீழ். இரண்டும் நடுவில் சிலுவையாக நின்றால் ரன்வே நேர் எதிரே இருக்கிறது. முள் விலகினால் மெல்லத் திருத்த வேண்டும். துரத்தக் கூடாது.

நான் துரத்துவேன். எஸ்கில் துரத்த மாட்டான்.

நாங்கள் இருவரும் ஜோடி. இடது இருக்கையில் ஒருவர் ஓட்டுவார். வலது இருக்கையில் இருப்பவர் உயரத்தைச் சொல்லிக்கொண்டே வருவார். "ஆயிரம்." "ஐந்நூறு." கடைசியில், "மினிமம்." அந்த உயரத்தில் ரன்வே விளக்கு தெரிந்தால், ஓட்டுபவர் "இறங்குறேன்" என்று பதில் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால், "மேல போறேன்."

பதிலே வராவிட்டால்? எங்கள் ஆசிரியை பெரிட் அதை வாரம் தவறாமல் சொல்வார்.

"ரெண்டு தடவை கூப்பிடுங்க. பதில் வரலையா, பக்கத்துல உக்காந்திருக்கிறது பொணம்னு நெனச்சு நீங்க ஓட்டுங்க. மூணாவது தடவை கூப்பிட நேரம் இருக்காது."

இறங்கிய பாதை வெளியே, ஆசிரியரின் மேசைத் திரையில் வெள்ளைக் கோடாக விழும். எஸ்கிலின் கோடு அளவுகோல் வைத்துப் போட்டது. என்னுடையது மண்புழு.

வெள்ளிக்கிழமைகளில் பள்ளியில் வாஃபிள் சுடுவார்கள். அந்த வெள்ளியன்று எஸ்கில் தன் வாஃபிளில் ஜாம் தடவியபடி, எல்லோர் முன்னாலும் ஆரம்பித்தான்.

"நம்ம மகாராணி இன்னிக்கு எறங்கல. ஊர்வலம் போனாங்க. ரன்வேக்கு இந்தப் பக்கம் ஒரு சுத்து, அந்தப் பக்கம் ஒரு சுத்து."

எல்லோரும் சிரித்தார்கள். மகாராணி என்பது அவன் எனக்கு வைத்த பெயர். நானும் சிரித்தேன்.

"வாயில ஜாம் ஒழுகுது, தொடச்சுக்கோ."

"தொடச்சுக்கிறேன். நாளைக்கு ரெண்டு மணிக்கு வா. நீ ஓட்டு, நான் கூப்பிடுறேன்."

கேலியைக்கூடத் தாங்கியிருப்பேன். இரக்கத்தைத் தாங்க முடியவில்லை. எங்கள் வகுப்பிலிருந்து விமான நிறுவனம் ஒரே ஒருவரைத்தான் எடுக்கும். தேர்வு அடுத்த புதன்கிழமை. எனக்கு வேண்டியிருந்தது வேலை மட்டும் இல்லை. அவனுக்கு அது கிடைக்காமல் இருக்க வேண்டும்.

சனிக்கிழமை சீக்கிரமே போய்விட்டேன். கட்டடத்தில் யாரும் இல்லை. ஆனால் சிமுலேட்டரின் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே யாரோ ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆசிரியரின் மேசையில் ஒலிபெருக்கி முனகிக்கொண்டிருந்தது.

"ஆயிரம்."

எஸ்கிலின் குரல். கொஞ்சம் கரகரப்பு. சளி பிடித்தவன் போல.

என்னை இரண்டு மணிக்கு வரச் சொல்லிவிட்டு, அதற்கு முன்னால் வேறு யாருக்கோ கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான். யாருக்கு? திரையைப் பார்த்தேன்.

வெள்ளைக் கோடு.

அவ்வளவு நேரான கோட்டை நான் பார்த்ததில்லை. எஸ்கிலுடையதைவிட நேர். ஒரு நெளிவு இல்லை. வயிறு எரிந்தது. அந்தக் கையை உடைக்க வேண்டும் போல இருந்தது.

அது எந்த ஊர் என்றும் தெரியவில்லை. எங்கள் சிமுலேட்டரில் இருந்த விமான நிலையங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். இது கடல் நடுவில் ஒரு தீவு. கம்பளிக் கையுறை மாதிரி, கட்டைவிரல் தனியாக. மணிக்கட்டில் ரன்வே.

"ஐந்நூறு."

பதில் இல்லை.

"மினிமம்."

உயரத்தைப் பார்த்தேன். முந்நூற்று நாற்பது அடி. எங்களுக்கு மினிமம் எப்போதும் இருநூறு. இவன் ஏன் இங்கேயே கூப்பிடுகிறான்?

பதில் இல்லை...

"மினிமம்!"

பதில் இல்லை. இப்போது எஸ்கில் விமானத்தைத் தன் கையில் எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. கோடு அசையாமல் இறங்கியது.

பிறகு அவன் மூன்றாவது முறை கூப்பிட்டான்.

"மகாராணி... பதில் சொல்லு."

அந்தப் பெயரையும் வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டானா? நான் யோசித்தது அவ்வளவுதான். சத்தியமாக, அவ்வளவுதான்.

கோடு ரன்வேயைத் தொடவில்லை. அதற்கு முன்னால், கடலில், முடிந்தது.

ஒன்று ஐம்பது. சிவப்பு விளக்கு அணைந்தது.

போய்க் கதவை இழுத்தேன்.

உள்ளே யாரும் இல்லை.

இரண்டு ஹெட்செட்டும் கொக்கியில் தொங்கின. வலது இருக்கையின் பெல்ட் அவிழ்ந்து கிடந்தது. இடது இருக்கையின் பெல்ட் பூட்டியிருந்தது. வெறும் இருக்கையைச் சுற்றி... இறுக்கமாக.

அந்த மெத்தையில் ஒரு பள்ளம்.

பார்த்துக்கொண்டே இருந்தேன். பள்ளம் மெல்ல... மெல்ல... மேலே எழுந்தது.

என் கைபேசி அடித்தது. எஸ்கில்.

"மகாராணி, இப்பதான் எந்திரிச்சேன். அரை மணி நேரம் பொறுத்துக்கோ."

தொண்டையில் கரகரப்பே இல்லை.

புதன்கிழமை எஸ்கில் ஜெயித்தான். எனக்கு இரண்டு வருடம் கழித்து அதே நிறுவனத்தில் இடம் கிடைத்தது. இந்தப் பிப்ரவரியில் இருவரும் ஒரே வாரத்தில் கேப்டன் ஆனோம்.

நேற்று ஒரு வரைபடம் வந்தது. புதிய விமான நிலையம். ரன்வே போட்டே ஆறு மாதம்தான் ஆகிறது. முதல் பயணிகள் விமானம் எங்களுடையது.

கடல் நடுவில் ஒரு தீவு. கட்டைவிரல் தனியாக. மணிக்கட்டில் ரன்வே. பக்கத்தில் குன்று இருப்பதால் மினிமம் உயர்த்தியிருக்கிறார்கள்.

முந்நூற்று நாற்பது அடி.

இடது இருக்கையில் நான். வலதில் எஸ்கில். இறங்க வேண்டிய நேரம், மதியம் ஒன்று ஐம்பது.

நேற்றிரவு உணவின்போது அவன் சிரித்துக்கொண்டே கேட்டான்.

"வயித்து வலின்னு சொல்லிடேன். அந்த ஊர்ல முதல்ல எறங்குன கேப்டன்னு என் பேரு இருக்கட்டும்."

"செத்தாலும் தர மாட்டேன்" என்றேன்.

விளையாட்டாகத்தான் சொன்னேன். சொன்ன பிறகு தட்டைத் தள்ளி வைத்தேன்.

இப்போது விடுதி அறையில் இருக்கிறேன். வெளியே பனி. ஒரு போன் போதும். வயிற்று வலி. யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். வேறொருவர் வருவார். எஸ்கில் இடது இருக்கைக்கு மாறுவான். நேரான கோடு போடுவான். போட்டோ எடுப்பார்கள். கேக் வெட்டுவார்கள்.

போனை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

சீருடை போட்டாகிவிட்டது.

கதவைத் தட்டுகிறான்.

"மகாராணி."

தொண்டை கரகரக்கிறது. ராத்திரி சளி பிடித்திருக்கும்.

"மகாராணி! வண்டி வந்துடுச்சு."

வாயைத் திறக்கிறேன். சத்தம் வரவில்லை.

"மகாராணி... பதில் சொல்லு."