நுஸ்கிக்கு முளைத்த பல்

கடல் எடுத்த பிள்ளையைக் கணினி திருப்பித் தரும் என்று பஸ்மியா கனவிலும் நினைத்திருக்கவில்லை. தந்தது. ஆனால், அல்லாஹ்வே, எப்படித் தந்தது!

திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது ஹஸ்மியின் வீடியோ கடை. கலியாண வீடியோக்களை வெட்டி ஒட்டுவதுதான் அங்கே அவள் வேலை. சுனாமிக்குச் சற்று முன் எடுத்த நாடகமொன்றின் நாடாக்களைக் கொழும்பிலிருந்து தொலைக்காட்சிக்காரர்கள் பெட்டி நிறைய அனுப்பியிருந்தார்கள். இன்றைய பெரிய திரைக்கு ஏற்றபடி துலக்கிக் கொடுக்க வேண்டும். நாடாவெல்லாம் பூஞ்சணம். ஓடவிட்டால் படத்தில் கோடு கோடாக மழை பெய்தது. நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று கசிந்தன. துடைத்துத் துடைத்து, ஓடிய மட்டும் பிரதி எடுத்தாள்.

கிண்ணியாவில் எடுத்த கலியாணக் காட்சி வந்தபோது கையிலிருந்த பஞ்சு நழுவியது. பாயின் முன்வரிசையில், படத்தின் அடி ஓரத்தில், சப்பாணி கட்டி உட்கார்ந்து சிரிக்கிறான் நுஸ்கி. அவளுடைய ஒரே மகன். படப்பிடிப்புப் பார்க்க ஓடியவனையும் பிடித்து இருத்திவிட்டார்கள் போலும். சில நாளில் கடல் வந்தது. வீட்டோடு அவன் படங்களும் போயின. நாடகம் ஒளிபரப்பானபோது அவளும் கணவன் முத்தலிபும் அகதி முகாமில் கிடந்தார்கள்.

பழைய படம் சதுரம். புதிய திரை அகலம். மேலேயோ கீழேயோ வெட்டினால்தான் திரை நிறையும். கீழே வெட்டினால் நுஸ்கி போய்விடுவான். பஸ்மியா மேலே வெட்டினாள்.

"என்ன ராத்தா, மாப்பிள்ளைட தொப்பியக் காணல்ல! தலையையும் வெட்டியிருந்தா பொம்பிள தப்பியிருப்பா," என்று சிரித்தான் ஹஸ்மி.

"தொப்பி இல்லாட்டியும் கலியாணம் நடக்கும் தம்பி. கீழ இருக்கிறது என்ட புள்ள."

ஹஸ்மியின் சிரிப்பு அப்படியே நின்றது. குனிந்து திரையின் அடி ஓரத்தைப் பார்த்தான்.

படத்தைப் பெரிதாக்கியபோதுதான் விதி வேறு விதமாக விளையாடியது. நாடாவில் இல்லாததைக் கணினி தானே ஊகித்து நிரப்பும். மங்கிக் கிடந்த முகத்துக்கு அது இமை வரைந்தது. சிரித்த வாய்க்குள் வெள்ளை வெளேரென்று பல்வரிசை வைத்தது.

ஆனால் அன்று அந்த வாயில் முன்பல் இல்லை! விழுந்த பல்லைத் தாயும் தகப்பனும் மகனுமாகக் கூரைமேல் எறிந்து, "அணிலே அணிலே, வடிவான பல்லுத் தா" என்று கத்தியது நேற்றுப்போல் இருந்தது. புதுப்பல் முளைக்கும்வரை கடல் பொறுக்கவில்லை.

எப்படி மாற்றிப் பார்த்தாலும் பல் வந்துகொண்டே இருந்தது. அந்த முகத்தை மட்டும் பழைய மங்கலாகவே விட்டுவிடுவது என்று முடிவெடுத்தாள். துலக்கியதும் பழையதுமாக இரண்டு பிரதியையும் போனில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

முத்தலிபின் கண்ணில் முதலில் பட்டது துலக்கிய பிரதி. கடல் வந்த நாளுக்குப் பிறகு தோணியையும் தொடாத, சிரிக்கவும் சிரிக்காத மனிதன். போனை முகத்தோடு சேர்த்துப் பிடித்தான்.

"புள்ள, இஞ்ச பாரு... மகனுக்குப் பல்லு வந்திட்டு!"

"அது மெசின் வெச்ச பல்லுங்க. நம்மட புள்ளைக்கு அதில ஓட்டை."

"தெரியும். நானுந்தானே கூரைக்கு எறிஞ்சனான்." அவன் தோள்கள் குலுங்கின. "அணிலுக்குச் சுணங்கிப் போச்சு, இப்பதான் கொண்டு வந்திருக்கு. இருக்கட்டும் பஸ்மியா. அதப் புடுங்கிப் போடாத."

அந்த ஓட்டைதான் அவள் பிள்ளை. பல் உள்ளவன் யாரோ பெற்ற பிள்ளை. ஆனாலும் அந்த மனிதனின் முகத்தைப் பார்த்து அவள் என்ன சொல்வாள்? "ஓம், இருக்கட்டும்" என்றாள்.

நாடகம் தொலைக்காட்சியில் போன அன்று மாலை அயலெல்லாம் வீட்டுக்குள். "என்ன வடிவான பல்லு! வாப்பாட சிரிப்பேதான்," என்றாள் பக்கத்து வீட்டுச் சுஹைரா. கதிரையில் இருந்த முத்தலிப் சிரித்தான். வாய்விட்டுச் சிரித்தான்.

தேநீர் போடப் போவதாகச் சொல்லிப் பஸ்மியா குசினிக்குள் போனாள். தண்ணீர் கொதித்தது. போனில் பழைய பிரதியைத் திறந்தாள். கோடு கோடாய்ப் பெய்யும் மழைக்குள் கலங்கிய சின்ன முகம். சிரிப்பின் நடுவே ஒரு கறுப்புப் புள்ளி. அதன்மேல் விரலை வைத்தாள்.

"தேத்தண்ணி எங்க புள்ள?" முத்தலிபின் குரலில் சிரிப்பு இன்னும் மிச்சமிருந்தது.

போனை அணைத்துவிட்டுக் கோப்பைகளை எடுத்தாள்.