விழுந்தபோது சிரித்துக்கொண்டிருந்தேன்

அந்தக் காலத்தை நினைத்தால் முதலில் கையில்தான் நினைவு வருகிறது. யாரோ ஒரு இரும்புச் சாவிக்கொத்தை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடி அழுத்துகிறார்கள். கீழ்பென்னாத்தூரில் அத்தை வீட்டுக் கூடம். மாமா பஸ் கண்டக்டர் ஒருவரைப்போல் நடித்துக் காட்டினார், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரிப்பு முற்றியபோது முழங்கால் இரண்டும் துவண்டு, தாடை தொங்கி, தரையில் சரிந்துவிட்டேன். கண்ணைத் திறக்க முடியவில்லை, விரலை அசைக்க முடியவில்லை. ஆனால் காது கேட்டது. "வலிப்பு வந்துடுச்சு, இரும்பு குடுங்க" என்று ஒரு குரல். "பொட்டப்புள்ளையாச்சே, இத யாரு கட்டிக்குவா?" என்று அத்தையின் குரல். சற்று நேரத்தில் ஒன்றும் நடக்காததுபோல எழுந்து உட்கார்ந்தேன். வலிப்பு வந்தவர்களுக்குச் சுற்றி நடப்பது தெரியாது என்றார்கள். எனக்கு மட்டும் ஏன் எல்லாம் தெரிந்தது என்று புரியாமல் அதை யாரிடமும் சொல்லாமல் விட்டேன்.

திருவண்ணாமலையில் அப்போது மாதம் ஒருமுறை ஒரு கல்யாண மண்டபத்தில் வலிப்பு முகாம் நடக்கும். சென்னையிலிருந்து நரம்பியல் பேராசிரியர் ஒருவர் தன் மாணவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு வருவார். பௌர்ணமி நாளில் மட்டும் முகாம் கிடையாது, கிரிவலக் கூட்டத்தில் பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. சுற்றுவட்டாரத்தில் அவருக்கு 'வலிப்பு சார்' என்றே பெயர். மணமேடையில் மேசை போட்டு உட்கார்ந்துகொண்டு, மைக்கில் பேசுவார். "இது மூளையில வர்ற கோளாறுங்க. பேயும் இல்ல, சாமியும் இல்ல. சாவியத் தூக்கிப் பெட்டியில வைங்க, ஆளை ஒருக்களிச்சுப் படுக்க வைங்க." பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திய பிள்ளைகளை அவர் மாத்திரை கொடுத்துத் திரும்பப் பள்ளிக்கு அனுப்பியதை நானே பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவர் என்னைப் பார்த்துவிட்டு, தலையில் ஒயர் ஒட்டி எடுத்த ஈ.ஈ.ஜி. தாளைப் புரட்டிவிட்டு, வலிப்பு என்றார். அப்பா கையெடுத்துக் கும்பிட்டார்.

மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டேன். விழுவது நிற்கவில்லை, அதனால் அளவு கூடியது. தூக்கமோ முன்பே ஜாஸ்தி, இப்போது வகுப்பில் எழுதிக்கொண்டிருக்கும்போதே பேனா கோடாக இழுத்துக்கொண்டு போகும். தூங்குமூஞ்சி என்று பெயர் வாங்கி, பன்னிரண்டாம் வகுப்பைத் தட்டுத்தடுமாறி முடித்தேன். பிறகு செங்கத்துப் பக்கம் ஒரு மாப்பிள்ளை அமைந்து நிச்சயமானது. யாரோ போய் வலிப்பு முகாமில் என்னைப் பார்த்ததாகச் சொல்ல, அவர்கள் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அம்மா மூன்று நாள் அடுப்பு பற்றவைக்கவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, தூக்கம்தான் வந்தது.

அதற்குச் சில ஆண்டுகள் கழித்து சார் தன் கல்லூரியில் தூக்கத்துக்கென்று தனிப் பிரிவு தொடங்கியிருந்தார். தலை நரைத்தபின் மறுபடி மாணவனானேன் என்று மைக்கிலேயே சொல்லிச் சிரித்தார். அன்று என் முறை வந்தபோது, வழக்கம்போல எத்தனை தடவை விழுந்தாய் என்று கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

"விழும்போது என்னம்மா பண்ணிட்டிருந்தே?"

"சிரிச்சிட்டிருந்தேன் சார்."

"அதுக்கு முந்தின தடவை?"

"அப்பவும் சிரிச்சிட்டுதான் சார் இருந்தேன்."

"விழுந்தப்புறம் நாங்க பேசறது கேக்குமா?"

"எல்லாம் கேக்கும் சார்."

அவர் மண்டபத்து மின்விசிறியைப் பார்த்தபடி இருந்தார். பிறகு முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, உடனே அணைந்தது. எதற்காக வந்தது, எதற்காக அணைந்தது என்று எனக்கு விளங்கவில்லை. சென்னைக்குக் கூப்பிட்டார். மாத்திரைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கம்மி செய்து நிறுத்திவிட்டு, பட்டப்பகலில் தலையில் ஒயரோடு படுக்கவைத்து, தூங்கு என்றார்கள். நர்ஸ் சொல்லி முடிக்கும் முன்பே தூங்கிவிட்டேன். எனக்கு வலிப்பே இல்லை, நார்கோலெப்சி என்ற தூக்க நோய் என்று தெரிந்தது. விழித்திருக்கும்போதே பகலில் தூக்கம் இழுக்கும், பலமாகச் சிரித்தால் உடம்பு தளர்ந்துவிடும், நினைவு மட்டும் தப்பாது.

இதை அவர் முகாமிலேயே சொல்லி அனுப்பியிருக்கலாம். எங்கள் வீட்டுக்கே வந்தார். வாசலில் மல்லாட்டைக் கடலை காய்ந்துகொண்டிருந்தது, மிதிக்காமல் ஓரமாக நடந்து வந்து, அப்பாவின் எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். "உங்க பொண்ணுக்கு வலிப்பு இல்லைங்க. நான் தப்பா சொல்லிட்டேன்" என்றார். அப்பாவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவரோ புரியாமல் விழித்தார்.

"இன்னா சார் சொல்றீங்க? அப்ப இத்தன வருஷம் துன்ன மாத்திர?"

"தேவையில்லாத மாத்திரைங்க."

"நிச்சயம் நின்னு போச்சே சார், அது?"

சார் தலையைக் குனிந்துகொண்டார். அப்பாவே மறுபடி கேட்டார். "நாளைக்கி இன்னொரு டாக்டரு வந்து இதுவும் இல்லன்னு சொன்னா?"

"சொல்லலாங்க" என்றார் சார்.

அந்தப் பதில் அப்பாவை இன்னும் குழப்பிவிட்டது. தவறே செய்யாதவர் என்று நம்பிய மனிதர் தவறு செய்தேன் என்கிறார், இனியும் செய்யலாம் என்கிறார். அவரை முன்னைவிட நம்புவதா, இனி நம்பவே கூடாதா? அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். மூவரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

புது மாத்திரையில் பகல்கள் எனக்குத் திரும்பக் கிடைத்தன. படித்தேன், தமிழாசிரியை ஆனேன், திருவண்ணாமலையிலேயே கல்யாணமும் ஆனது. முன்கூட்டியே எல்லாம் சொல்லித்தான் கட்டிக்கொண்டோம். ஒரு மகள் இருக்கிறாள். அவளுக்குத் தலை பின்னும்போது சில சமயம் தோன்றும்: அந்த நிச்சயம் நிற்காமல் இருந்திருந்தால் இவள் இல்லை. அப்படியானால் அந்தத் தவறுக்கு நான் நன்றி சொல்ல வேண்டுமா? அதே நேரத்தில், தூங்கியே கழிந்த என் பள்ளிப் பருவம் கண்முன் வந்து நிற்கும். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஒவ்வொரு ஆண்டும் புது மாணவர்கள் வந்ததும் சார் என்னை முகாமுக்கு அழைப்பார். தன் தவறை முதலிலிருந்து அவரே சொல்லுவார், ஒன்றையும் குறைக்க மாட்டார். "நான் தாளைப் பார்த்தேன், இவங்களைப் பார்க்கல. ஒரு கேள்வி கேட்டிருந்தா போதும்" என்பார். பிறகு நான் பேசுவேன். எனக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்தது ஏன் என்பதும் குழப்பம்தான். சில நாள் ஆசிரியையாக நிற்பதுபோல இருக்கும், சில நாள் காட்சிப் பொருளாக நிற்பதுபோல இருக்கும்.

சார் ஓய்வு பெறுவதற்கு முந்தைய கடைசி முகாமில், முன்வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்தாள். "மேடம், உங்களுக்கு சார் மேல கோவமே வரலையா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறக்கும் முன் சார் எழுந்துவிட்டார். "இருங்கம்மா. நான் இங்க உக்காந்திருந்தா இவங்களால பதில் சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

அவர் போன கதவையே பார்த்தேன். "இருக்கு" என்றேன் கடைசியில். "ஆனா அது அவரு மேலதானான்னு எனக்குத் தெரியல." அந்தப் பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

வெளியே வந்தபோது சார் மண்டபத்து வாசலில் மலையைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

"சொல்லிட்டியாம்மா?"

"சொல்லிட்டேன் சார்."

"என்னன்னு நான் கேக்க மாட்டேன்" என்றார் கம்பீரமாக. நான்கடி நடந்தார், நின்றார், திரும்பினார். "கேக்கட்டுமா?"

பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பையனைப்போல இருந்த அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு பொங்கிவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. முழங்கால் விட்டது. சார் கையிலிருந்த பையைக் கீழே போட்டுவிட்டு என்னைத் தாங்கிப் பிடித்து, படியில் உட்காரவைத்து, என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். மாணவர்கள் ஓடிவரும் சத்தம் கேட்டது. "பயப்படாதீங்க. எல்லாம் கேட்டுட்டுதான் இருக்காங்க" என்றார் அவர்களிடம். பிறகு அவர்களுக்குக் கேட்காத குரலில், எனக்கு மட்டும், "மன்னிச்சுக்கம்மா" என்றார். அன்று எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாம் சொன்னபோதும் அவர் சொல்லாத வார்த்தை அது. பதில் சொல்ல எனக்கு நாக்கு அசையவில்லை. அசைந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. நான் எழுந்து உட்கார்ந்தபோது அவர் கீழே கிடந்த பையைத் தட்டி எடுத்துக்கொண்டு, வேனை எடுக்கச் சொல்லி டிரைவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.